அண்ணி படிக்க வேண்டிய தாள்

ஜனவரி 8

டீச்சரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிடாதே. மூன்று வருடமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட எங்காவது பார்த்தால் ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார்கள். நமக்கு அதுவும் இல்லை. போன் போடலாம் என்று நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் ஒன்று அழுவேன், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடுவேன். எனக்கு இப்போது காரியம் ஆக வேண்டும். அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் போன பிறகு நான் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்ததை யாராவது சொல்லியிருப்பார்கள். பிறந்த குழந்தைகள் வார்டில் உதவியாளர். குளிப்பாட்டுவேன், எடை பார்ப்பேன், அழுகிறதைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். காலையில் எழுந்ததும் வேலைக்கு ஓட வேண்டும் போலிருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. அதற்கும் இப்போது வேட்டு வைத்துவிட்டார்கள். மருந்துப் புட்டியிலிருந்து மெஷின் வரை எல்லாவற்றிலும் ஆங்கிலம் ஒட்டியிருப்பதால், வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டுமாம். ஜூனில் பரீட்சை. தேறாதவர்களைச் சலவைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். சலவை மேல் எனக்கு ஒன்றும் வெறுப்பில்லை. ஆனால் துணி என்னைப் பார்த்துக் கொட்டாவி விடாது.

இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலில் மாவுக்கட்டோடு உன் அண்ணனை வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு தாள் கொடுத்தார்களே, அது என் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. அன்று அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினோம். நீ படித்துப் பார்த்துவிட்டு மாத்திரை, சாப்பாடு, மறுபடி வர வேண்டிய தேதி என்று போனில் சொன்னாய். அதையெல்லாம் அப்படியே செய்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்பதாம் நாள் மனுஷன் போய்விட்டார். நீ சொன்னதில் எதையோ நான் கோட்டைவிட்டிருக்கிறேன். அது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். மகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடுவாள். என் தப்பை என் மகள் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை. நானே படிக்கிறேன்.

எனக்கு ஆங்கில எழுத்துகளைக் கூட்டத் தெரியும். அதற்கு மேல் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான். உன்னை விட்டால் வேறு டீச்சர் எனக்குத் தெரியாது. முடியும் என்றால் எழுது. முடியாது என்றாலும் எழுது.

அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. சொல்லித் தருகிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் கிழித்துவிடுவேன்.

பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கிறது, போதும். வாரம் இருபது சொற்களும் ஒரு சின்னப் பத்தியும் ஐந்து கேள்விகளும் அனுப்புகிறேன். பதிலைக் கையால் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

முதல் பாடம். ஆங்கிலத்தில் பல சொற்கள் கழற்றி மாட்டக்கூடியவை. நடுவில் ஒரு உடம்பு இருக்கும். அதற்குத் தலையில் ஒன்று மாட்டுவார்கள், வாலில் ஒன்று மாட்டுவார்கள். தலையில் ‘அன்’ வந்தால் பொருள் அநேகமாகக் கவிழ்ந்துவிடும். ‘ரீ’ வந்தால் மறுபடியும் என்று வைத்துக்கொள்ளலாம். வாலில் ‘ஃபுல்’ வந்தால் அது நிறைய இருக்கிறது, ‘லெஸ்’ வந்தால் அது இல்லை. கடைசியில் ‘நெஸ்’ வந்தால் அந்த நிலைமைக்கே அது பெயர். நீளமான சொல்லைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். வாலையும் தலையையும் கழற்றிப் பாருங்கள், உள்ளே இருக்கிற உடம்பு பாதி நேரம் உங்களுக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும்.

நீங்கள் சொன்ன அந்தத் தாளை இப்போது எடுக்க வேண்டாம். மருத்துவர்கள் எழுதும் ஆங்கிலம் வேறு மாதிரி இருக்கும். பரீட்சை முடியட்டும். அதில் உங்கள் தப்பு என்று எதுவும் இருக்காது.

மகளுக்கு என் அன்பு. வளர்ந்திருப்பாள்.

தங்கள் நாத்தனார்


பிப்ரவரி 3

டீச்சரம்மா,

தபால்காரர் உன் கவரைக் கொடுத்தபோது என் கையில் ஒரே மாவு. அப்படியே வாங்கிவிட்டேன். முதல் பாடத்தில் வெள்ளைக் கறை இருந்தால் அதற்கு மார்க் குறைக்காதே.

தலையும் வாலும் கழற்றுகிற வேலை எனக்குப் பிடித்துவிட்டது. வார்டு முழுக்கக் கழற்றிக்கொண்டு திரிகிறேன். ‘யூஸ்லெஸ்’ எனக்கு ஏற்கனவே தெரியும், மேற்பார்வையாளர் தினமும் யாரையாவது சொல்லுவார். ‘ரெஸ்ட்லெஸ்’ என்றால் ஓய்வே இல்லாதவள், அதாவது நான். ‘அன்’ வந்தால் கவிழும் என்றாயே என்று ‘அங்கிள்’ என்ற சொல்லைக் கழற்றப் பார்த்தேன். மகள் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

பத்திதான் படுத்துகிறது. முதல் சொல்லிலிருந்து முற்றுப்புள்ளி வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் என்னால் போக முடிகிறது. எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நேரத்துக்குள் ஐந்து கேள்வியில் இரண்டுதான் எழுத முடிந்தது, மிச்சத்தை அப்புறம் எழுதினேன். என்னோடு வேலை செய்கிற கண்ணாடிக்காரி பயிற்சி வகுப்புக்குப் போகிறாள். அங்கே ஒரு குறுக்கு வழி சொல்லித் தருகிறார்களாம். அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்தையும் எழுதிவிடுகிறாள். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். உனக்குத் தெரியாத குறுக்கு வழியா? அதை எனக்கு எழுது.

இன்னொன்று. அந்தத் தாளில் என் தப்பு எதுவும் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? ஆறுதலுக்குச் சொல்லாதே. ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வந்தார்கள், வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் விடைத்தாள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. ‘ரெஸ்ட்லெஸ்’ மட்டும் கொஞ்சம் இடக்கான சொல். ஓய்வு கிடைக்காதவர் இல்லை, ஓரிடத்தில் அமைதியாக இருக்க முடியாமல் தவிக்கிறவர். அப்படிப் பார்த்தால் நம் இருவரில் அது நான்தான்.

‘மே’ என்று வந்தால் செய்யலாம், ‘ஷுட்’ என்று வந்தால் செய்வது நல்லது, ‘மஸ்ட்’ என்று வந்தால் செய்தே ஆக வேண்டும். மருந்துத் தாள்களில் இந்த மூன்றையும் கவனமாகப் பாருங்கள். ‘நாட்’ என்பது எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு நீங்கள் எழுதிய பதில் பத்தியிலேயே இல்லை. அந்தப் பெண் ஏன் வேலையை விட்டாள் என்ற கேள்விக்கு, மாமியார் வேலைக்குப் போக விட்டிருக்கமாட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தியில் மாமியாரே கிடையாது, அண்ணி. நமக்குத் தெரிந்ததை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

குறுக்கு வழி எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களுக்கு மட்டும் சொல்லித் தரமாட்டேன். தயவுசெய்து காரணம் கேட்காதீர்கள். நீங்கள் படிக்கிற மாதிரியே முதல் சொல்லிலிருந்து முற்றுப்புள்ளி வரை படியுங்கள். வேகம் தானாக வரும்.

தங்கள் நாத்தனார்


மார்ச் 1

நாத்தனாருக்கு,

டீச்சரம்மா என்று கூப்பிட இன்று எனக்கு மனம் வரவில்லை.

காசு கொடுத்துப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித் தருகிற வழியை எனக்கு மட்டும் மறைப்பாயாம், காரணமும் கேட்கக் கூடாதாம். பரவாயில்லை, காரணம் எனக்கே தெரியும். நான் தேறக் கூடாது. இவளுக்கு ஒழுங்காகப் படிக்கத் தெரிந்திருந்தால் என் அண்ணன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான் என்றுதானே நினைக்கிறாய்?

உன் அண்ணன் போன அன்றைக்கு வீடு நிறையக் கூட்டம். நீ வந்தாய் என்று யாரோ சொன்னார்கள். உன்னைத்தான் தேடினேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று இருந்தேன். நீ வாசலோடு நின்றாய். உள்ளே வந்து என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாய், செருப்பைப் பார்த்தாய், சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டாய். அதைப் படிக்க எனக்கு எந்த இலக்கணமும் தேவைப்படவில்லை. அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

அதனால் உன் பேச்சைக் கேட்காமல் பீரோவிலிருந்து தாளை எடுத்துவிட்டேன். மேல் பாதியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து இத்துடன் எழுதி அனுப்பியிருக்கிறேன். சில சொல் புரிகிறது, பாதி புரியவில்லை. கீழ்ப் பாதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். பத்திக்குக் கேள்வி போடுவாய் அல்லவா, இதற்கும் ஐந்து கேள்வி போட்டு அனுப்பு. இதுதான் எனக்குப் பாடம். மற்றதெல்லாம் அப்புறம்.


மார்ச் 5

அண்ணி,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. இன்று வகுப்புக்குப் போகவில்லை.

நீங்கள் எதையும் கோட்டைவிடவில்லை. உங்களிடம் நான் சொல்லவில்லை. நான் படிக்கவில்லை.

நீங்கள் கேட்ட குறுக்கு வழி இதுதான். பத்தியைப் படிக்காதே. கேள்வியை முதலில் படி, பதில் எங்கே இருக்கிறது என்று தேடு, கிடைத்ததும் எழுது, மற்றதில் நேரத்தை வீணாக்காதே. நான் சொல்லிக்கொடுத்து இதில் மார்க் வாங்காத பிள்ளை கிடையாது. அன்று போட்டோ வந்தபோது நான் இரண்டு வகுப்புக்கு நடுவில் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போனில், “மாத்திரை எப்ப குடுக்கணும், என்ன சாப்பிடலாம், மறுபடி எப்ப வரச் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டீர்கள். மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதிலைத் தேடினேன், கிடைத்தது, சொன்னேன். மணி அடித்தது, உள்ளே போய்விட்டேன். என் வேலையை நன்றாகச் செய்த திருப்திகூட இருந்தது. அதுதான் என்னைக் கொல்கிறது.

அண்ணன் போன செய்தி வந்து உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, பஸ்ஸில் அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. கீழே ஐந்து வரி இருந்தது. என்ன நடந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வாசலில் நின்றபோது நீங்கள் யாரிடமோ, “அவ படிச்சுத்தான் சொன்னா, நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்” என்று சொல்லி அழுததைக் கேட்டேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், அந்த நாளை மூன்று வருடமாக வரவேயில்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது பயம்தான். நான் நன்றாகச் சொல்லித் தந்தால் நீங்கள் அதைப் படித்துவிடுவீர்கள். மோசமாகச் சொல்லித் தந்தால் உங்கள் வேலை போய்விடும். எனக்கு மோசமாகச் சொல்லித் தரத் தெரியவில்லை, அண்ணி.

அந்த ஐந்து வரியை இங்கே தமிழில் எழுதப் போவதில்லை. நானே படிக்கிறேன் என்றீர்கள். அதையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. உங்களால் இப்போது முடியும். கடினமான சொல் ஒன்றே ஒன்றுதான், அதற்கும் வாலில் இரண்டு இருக்கிறது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உங்கள் தப்பு இல்லை என்பதை மட்டும் நம்புங்கள்.


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

உங்களிடமிருந்து ஆறு வாரமாகப் பதில் இல்லை. வராது என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வாரமும் பாடத்தைத் தபாலில் போடுகிறேன். அதில் பாடம் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. எழுதினால் பதிலை எதிர்பார்க்கிற மாதிரி ஆகிவிடும். இன்று மட்டும் இரண்டு வரி.

வகுப்பில் அந்தக் குறுக்கு வழியைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். எங்கள் பயிற்சி மையத்தின் தலைவர் கூப்பிட்டு, “என்ன மேடம், நம்ம ரிசல்ட்டுக்கே ஆப்பு வச்சிடுவீங்க போலிருக்கே” என்றார். முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதட்டும் சார் என்றேன். பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று.

இத்துடன் இருக்கிற பத்தி குழந்தைகளுக்கான பால்மாவு டப்பாவில் எழுதியிருப்பது. உங்கள் பரீட்சையில் இந்த மாதிரிதான் வரும். பதில் எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே சரிபார்த்துக்கொள்ள விடைகளைத் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

தங்கள் நாத்தனார்


ஜூன் 27

டீச்சரம்மா,

தேறிவிட்டேன். ஐம்பது எடுத்தால் போதும், நான் ஐம்பத்தெட்டு. கடைசிக் கேள்வி ஒன்றைத் தொடக்கூட நேரமில்லை, தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரி எண்பத்தொன்று வாங்கி எனக்கு மிட்டாய் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

இனி மற்றதைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றே கீழ்ப் பாதியைப் படிக்க உட்கார்ந்தேன். இரண்டாவது சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். டிக்‌ஷனரியில் ‘காஃப்’ என்றால் கன்றுக்குட்டி என்று போட்டிருந்தது. மாவுக்கட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வெகுநேரம் விழித்தேன். அதற்குக் கீழே கெண்டைக்கால் என்று இன்னொரு அர்த்தம் இருந்தது. டிக்‌ஷனரியை மூடிவிட்டேன். ஏழாம் நாள் காலையில் உன் அண்ணன், “கெண்டைக்கால் இழுக்குதுடி” என்றார். கட்டுப் போட்டா இழுக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது. ‘ப்ரெத்லெஸ்நெஸ்’ஸில் ‘நெஸ்’ஸைக் கழற்றினேன், ‘லெஸ்’ஸைக் கழற்றினேன், மூச்சு மிச்சம் இருந்தது. அதற்கு அப்புறம் ‘மஸ்ட்’ வந்தது. கெண்டைக்கால் வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே கூட்டிவந்தே ஆக வேண்டும். நான் யார் உதவியும் இல்லாமல் முழுதாகப் படித்த முதல் ஆங்கிலம் அதுதான்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் தாங்கமாட்டாய். வார்டில் புட்டி கழுவும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே கழுவினேன். படிக்கட்டில் நின்று படித்தாளாம், மணி அடித்ததாம். உன் பாடம் வாராவாரம் வரும், திட்டிக்கொண்டே எழுதுவேன், எழுதிவிட்டு அனுப்பமாட்டேன். எல்லாம் கட்டாக இருக்கிறது, வந்து திருத்து.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? திட்டத் திட்ட எனக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. மூன்று வருடமாக என்னை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தவளுக்குத் திட்ட வேறு ஒரு ஆள் கிடைத்தாள். பிறகுதான் யோசித்தேன். நீ யாரையும் திட்ட முடியாமல் அங்கே தனியாகக் கிடந்திருக்கிறாய். இருப்பது ஒரே மூட்டை, அதை ஆளுக்கு ஒரு ஊரில் ஒளித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் மூன்று கேள்வி கேட்டேன். உனக்குப் படிக்கத் தெரியும், அதனால் மூன்று பதில் சொன்னாய். “வேற ஏதாவது எழுதியிருக்கா?” என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ கீழே பார்த்திருப்பாய். அதை நான் கேட்கவில்லை. உன் அண்ணனும் கால் இழுக்கிறது என்று ஒரு தடவை சொன்னதோடு சரி, அந்த மனுஷன் என்றைக்கு எதை இரண்டாம் தடவை சொன்னார்? மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கடைசிவரை கேட்டாள். அப்புறம், “அத்தை பாவம்மா” என்றாள். அப்போதுதான் நான் நன்றாக அழுதேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பினாள். கையில் வீட்டுக்கு அனுப்புகிற தாள், முழுக்க ஆங்கிலம். சிஸ்டர்களுக்கு அன்று ஒரே ஓட்டம், யாரும் விளக்கவில்லை. நான் வாங்கினேன். மேலே இருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன், என் வேகம்தான் உனக்குத் தெரியுமே. புருஷன்காரன், “அக்கா, மருந்து எப்பன்னு மட்டும் சொல்லுங்க, கீழ வண்டி நிக்குது” என்றான்.

“நிக்கட்டும்” என்றேன்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் விடவில்லை. கடைசிக்கு முந்தின வரியில், தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. அதைச் சொன்னதும் அந்தப் பெண், “காலையிலேருந்து அப்படித்தான் இருக்கு, சாதாரணம்னு நெனச்சேன்” என்று துணியை விலக்கிக் காட்டினாள். நான் தாளைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

கிருமி உள்ளே பரவ ஆரம்பித்திருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஆறு நாள் எங்கள் வார்டில் வைத்திருந்து இன்று காலை அனுப்பினோம். அந்தப் புருஷன்காரன் இந்தத் தடவை தானாகவே தாளை நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். யாருக்கா உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தது என்று கேட்டான். என் நாத்தனார் என்றேன். மூன்று வருடத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னேன், சொன்னதும் உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

லீவு எப்போது என்று எழுது. கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை நேரில்தான் தீர்த்துக்கொள்ள முடியும். இந்தத் தடவை வாசலில் நிற்காதே, உள்ளே வா.

அண்ணி